பிரிட்டிஷ் ராணுவத்து மேல்சட்டையும் பெர்கன் பையும்: தையலைப் பார்த்தவன் எழுதும் மதிப்பீடு

பிரிட்டிஷ் ராணுவம் கழித்து விற்ற இரண்டு பொருட்களைப் போன மார்கழியிலிருந்து பயன்படுத்தி வருகிறேன். ஒன்று, காற்றைத் தடுக்கும் மேல்சட்டை. அங்கே அதை ஸ்மாக் என்கிறார்கள். மற்றொன்று, பெர்கன் என்று பெயர் பெற்ற பெரிய முதுகுப்பை. இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் அத்தை மகன் அங்குள்ள பழைய ராணுவப் பொருள் கடையொன்றில் இவற்றை வாங்கி, ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்தார். நம் பணத்தில் மேல்சட்டை நாலாயிரத்துக்குச் சற்று மேலும், பை ஏழாயிரத்துக்குச் சற்றுக் கீழும் ஆயின. நான் அவிநாசிப் பக்கம் ஏற்றுமதிக்கு வேலை உடை தைக்கும் ஒரு யூனிட்டில் தரச் சோதனைப் பிரிவில் இருப்பதால், எந்த உடை கைக்கு வந்தாலும் முதலில் அதை உள்புறம் வெளியே திருப்பிப் பார்ப்பது வழக்கம். இந்தப் பொருட்கள் நன்றாக இருக்கின்றனவா என்ற கேள்விக்கு விடை சொல்வது எளிது: மிக நன்றாக இருக்கின்றன. ஆனால் இத்தனை நேர்த்தியாகத் தைத்துக் கொடுக்கும் ஒரு ராணுவத்தில், தளவாடத் தட்டுப்பாடு குறித்தும் பயிற்சிக் குறைப்பு குறித்தும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஏன் பேச்சு ஓயவில்லை என்ற கேள்வியும் கூடவே எழுகிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது என்று நினைப்பதால் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் மேல்சட்டை. பருத்தியும் செயற்கை இழையும் கலந்து நெருக்கமாக நெய்த துணி. தோளிலும் கையின் உள்பக்கத்திலும் துணியின் இரண்டு ஓரங்களும் ஒன்றுக்குள் ஒன்று மடிந்து, மேலே இரட்டைத் தையல் ஓடுகிறது. எங்கள் யூனிட்டில் ஃபீட் ஆஃப் தி ஆர்ம் மெஷினில் தைக்கும் வேலை இது. சுமாரான சட்டைகளில் ஓவர்லாக் (ஓரம் பிரியாமல் சுற்றி ஓட்டும் தையல்) போட்டு முடித்துவிடும் இடத்தில் இவர்கள் கூலியைப் பார்க்கவில்லை. பாக்கெட்டின் நான்கு மூலையிலும் பார்டேக், அதாவது இழுவை தாங்க நெருக்கமாகப் போடும் குறுந்தையல், இருக்கிறது. முழங்கையில் இன்னொரு அடுக்குத் துணி வைத்துத் தைத்திருக்கிறார்கள். தொப்பியின் விளிம்பில் மெல்லிய கம்பி ஓடுவதால், காற்றடிக்கும் திசைக்கு ஏற்ப அதை வளைத்து வைத்துக்கொள்ள முடிகிறது. என்னை மிகவும் கவர்ந்தது பொத்தான். நம் சட்டைகளில் உள்ளதுபோல் நாலு துளையில் நூல் ஏற்றித் தைத்த பொத்தான் அல்ல அது. நடுவில் நீளவாட்டில் இரண்டு வெட்டு உள்ள தடித்த பொத்தானில் ஒரு பட்டை நாடாவைக் கோத்து, நாடாவின் இரு முனைகளையும் துணியோடு சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். நூல் தேய்ந்து பொத்தான் உதிர்வது என்பதே இதில் இல்லை; குளிரில் விறைத்த விரலாலும், கையுறை போட்ட கையாலும் போட்டுக் கழற்றலாம். எங்கள் தையல் லைன் சூப்பர்வைசர் அக்கா இதைக் கையில் வாங்கி வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு பொத்தானுக்கு இவ்வளவு நேரம் ஒதுக்கினால் நம் பீஸ் ரேட் கட்டுப்படியாகாது என்றார். உண்மைதான். இந்தச் சட்டையில் காசை மிச்சம் பிடித்த இடம் ஒன்றுகூட என் கண்ணுக்குப் படவில்லை.

வெள்ளியங்கிரி ஏழாவது மலையில் விடிகாலைக் காற்று ஆளையே தள்ளும் என்பது ஏறியவர்களுக்குத் தெரியும். அங்கே இதன் உள்ளே ஒரு பனியன் மட்டும் போட்டிருந்தும் நெஞ்சில் குளிர் ஏறவில்லை. ஆழியாற்றிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறைக்கு பைக்கில் போகும்போதும் அப்படியே. மழைக்கு இது ஆகாது. சாரலைத் தாங்கும், கனமழையில் ஊறிவிடும். சமவெளிக்கும் ஏற்றதல்ல, பங்குனி பிறந்துவிட்டால் திருப்பூரில் இதைக் கொடியில் மாட்டி வைப்பதே வழி. துவைக்கும்போது வெள்ளையைப் பளிச்சென்று காட்டும் சோப்புத்தூளைத் தவிர்ப்பது நல்லது. இரவில் பார்க்கும் கருவிகளில் உடை தனித்துத் தெரியாதபடி துணிக்குக் கொடுத்திருக்கும் பக்குவத்தை அந்தத் தூள் கெடுத்துவிடும். நமக்கு அந்தப் பக்குவத்தால் பயனில்லை என்றாலும், சாயமும் நீடிக்க வேண்டுமே. இன்னொன்று: படை உடையைப் போன்ற அச்சு என்பதால் வெலிங்டன், சூலூர் போன்ற ராணுவ, விமானப்படை வளாகங்களின் பக்கம் இதைப் போட்டுக்கொண்டு போகாமல் இருப்பதே முறை.

இந்தச் சட்டையின் கழுத்துப் பட்டையில் அழுக்குக் கோடுகூட இல்லை. அநேகமாக ஒருவரும் அணியாமலே வெளியே வந்திருக்கிறது. அப்படி வருவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று இயல்பானது: அளவு மாறும், வடிவம் மாறும், பழையதைக் கழிப்பார்கள். 1960-களின் கடைசியிலிருந்து அணிந்துவந்த பச்சைத் திட்டு அச்சை விட்டுவிட்டு, ஆப்கானிஸ்தான் போரின்போது 2010-இல் இந்தச் சட்டையில் இருக்கும் எம்.டி.பி. (பலவகை நிலத்துக்கும் ஏற்ற உருமறைப்பு) அச்சுக்கு மாறினார்கள்; பழையது மூட்டை மூட்டையாகக் கழிக்கப்பட்டது. அணிவதற்கு ஆள் குறைந்துபோனது மற்றொரு காரணம். 2010-இல் பிரிட்டிஷ் தரைப்படையில் ஏறத்தாழ 1,02,000 பேர் இருந்தார்கள். அந்த ஆண்டின் பாதுகாப்பு மறுஆய்வு, பாதுகாப்புச் செலவை நான்கு ஆண்டுகளில் உண்மை மதிப்பில் 8 சதவீதம் குறைத்தது. படையை முதலில் 95,000 என்றார்கள், பின்னர் 82,000 என்றார்கள், 2021-இல் 72,500 என்று அறிவித்தார்கள். நெப்போலியன் காலத்துக்குப் பிறகு அந்தப் படை இவ்வளவு சிறுத்ததில்லை. டாங்கியிலும் இதே கதைதான்: 386 சாலஞ்சர்-2 வாங்கியவர்கள் அதை 227 ஆக்கினார்கள், அவற்றிலும் 148-ஐ மட்டும் சாலஞ்சர்-3 ஆக மேம்படுத்துகிறார்கள்.

ஒரு ராணுவம் செலவைக் குறைக்கும்போது பொருளின் தரத்தில் கைவைப்பது குறைவு என்பதற்கு இந்தச் சட்டையே சாட்சி. விவரக் குறிப்பு ஒருமுறை எழுதப்பட்டுவிட்டால் ஒப்பந்தக்காரர் அதன்படி தைத்துத்தான் ஆகவேண்டும். கத்தரி விழுவது வேறு இடத்தில்: கிடங்கில் எத்தனை இருக்கிறது, தேவைப்படும் நாளில் தேவைப்படும் இடத்துக்கு வந்துசேருமா, உதிரிப் பாகம் உண்டா, கையில் வாங்கியவன் அதோடு எத்தனை நாள் பழகினான் என்ற இடங்களில். அவை எதுவும் ஒரு பொருளை மேசைமேல் விரித்துப் பார்த்தால் தெரியாது.

2001-இல் ஓமன் பாலைவனத்தில் சைஃப் சரீயா-2 என்ற பெரிய கூட்டுப் பயிற்சியை பிரிட்டன் நடத்தியது. அங்கே வெயிலில் வீரர்களின் பூட்ஸ் அடிப்பாகம் உருகிப் பெயர்ந்தது. டாங்கிகளின் காற்று வடிகட்டிகளில் தூசி அடைத்து, சில மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டியதாயிற்று. பாலைவனத்துக்கேற்ற மாற்றங்களைச் செய்ய ஆகும் செலவை முன்பே கணக்குப் பார்த்து, வேண்டாம் என்று முடிவெடுத்துப் போனதன் விளைவு அது. பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் மறு ஆண்டே அதை அறிக்கையாக வெளியிட்டது. பயிற்சியின் பயனே இதுதான்: குறை தெரிய வந்தது. ஆனால் தெரிந்த குறையைத் தீர்க்க நேரமும் பணமும் ஒதுக்க வேண்டும். 2003 மார்ச்சில் ஈராக் போருக்கு அதே படை போனபோது, பாலைவன உடையும் பூட்ஸும் பலருக்கு வந்து சேரவில்லை. குண்டு துளைக்காத கவசமும் எல்லோருக்கும் போதவில்லை. டாங்கிப் படையைச் சேர்ந்த சார்ஜென்ட் ஒருவர், பற்றாக்குறை காரணமாகத் தன் கவசத்தை வேறு வீரர்களுக்காகத் திருப்பிக் கொடுக்க நேர்ந்து, சில நாட்களிலேயே சுடப்பட்டு இறந்தார். 2006-இல் முடிந்த மரண விசாரணை, கவசம் வாங்குவதில் நடந்த தாமதத்தை மன்னிக்க முடியாதது என்று கண்டித்தது.

இதில் என் தொழிலில் இருப்பவர்கள் கூர்ந்து பார்க்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1999-இல் நடந்த கொசோவோப் போரிலிருந்து அதுவரை சுமார் 2,00,000 கவசத் தொகுதிகள் வழங்கப்பட்டிருந்தன என்றும், தேவைக்கு மிக அதிகமான அந்த எண்ணிக்கை எங்கே போனதென்றே தெரியவில்லை என்றும் தணிக்கை அலுவலகம் எழுதியது. அதாவது பொருள் தைக்கப்பட்டது, பணமும் கொடுக்கப்பட்டது. எந்தக் கிடங்கில் எத்தனை இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் ஏற்பாட்டில்தான் ஓட்டை. அதே காலத்தில் கிடங்கில் சரக்கு வைத்திருப்பதையே செலவாகக் கணக்குக் காட்டும் முறை அரசுத் துறைகளுக்கு வந்திருந்ததால், கையிருப்பைக் குறைப்பது நல்ல நிர்வாகமாகக் கருதப்பட்டது. கிடங்குக் கணக்கர், பதிவுக் கணினி, சரக்கை ஏற்றி இறக்கும் ஆள் ஆகியோருக்கு ஆகும் செலவு வரவுசெலவுப் பட்டியலில் வீண்செலவாகத் தெரியும். போர் வரும்வரை அது வீண்செலவுதான் என்று வாதாடவும் முடியும். பாதுகாப்புச் செலவைக் குறைப்பதில் உள்ள கொடுமையே இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. குறைப்பவருக்கு அந்த ஆண்டே பலன் கிடைத்துவிடுகிறது. விலை கொடுப்பவர் வேறு ஆள், வேறு நாடு, வேறு ஆண்டு.

இனி பை. பெர்கன் பை 1,000 டெனியர் (இழையின் கனத்தைச் சொல்லும் அளவு) கோர்டுரா என்ற உறுதியான நைலானில் தைத்தது. உட்புறம் நீர் புகாத பூச்சு. இருபக்கமும் உள்ள பெரிய பைகள் ஜிப்பில் கழன்று வரும். அவை இரண்டையும் ஒரு தோள்வாரில் பூட்டினால் ஒருநாள் நடைக்குப் போதுமான சிறு முதுகுப்பை ஆகிவிடும். எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 120 லிட்டர் கொள்ளும். உள்ளே முதுகை ஒட்டி அலுமினியச் சட்டம் இருக்கிறது. தோள்வார் பையோடு சேரும் இடத்தில் கட்டம் போட்டுக் குறுக்குக்கோடும் இழுத்த தையல், அதன் மேல் பார்டேக். முழுச் சுமையோடு வாரைப் பிடித்துத் தூக்கி உதறியும் நூல் இம்மி அசையவில்லை. குறையும் இருக்கிறது. காலியாகவே கனமான பை. முதுகுப் பட்டையில் காற்றோட்டம் போதாது, நம் வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டிவிடும். இடுப்பு வார் இன்றைய மலையேற்றப் பைகளின் வாரைவிட மெலிது, எனவே சுமை இடுப்புக்கு இறங்காமல் தோளிலேயே நிற்கிறது.

எங்கள் யூனிட்டின் பாதுகாப்புப் பொறுப்பில் இருக்கும் பெரியவர் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். பையை அவரிடம் காட்டினேன். கேட் அருகே இருந்த பெஞ்சில் வைத்து, ஒவ்வொரு வாரையும் தளர்த்தி மறுபடி இழுத்துக் கட்டி, பக்கப் பைகளைக் கழற்றி மாட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: “பை அருமையான பைதானுங்க தம்பி. ஆனா இதை வாங்கிக் கையில குடுத்துட்டா ஆச்சுங்களா? முப்பது கிலோ ஏத்தி, ராத்திரில, மழைல, மேடு பள்ளத்துல நடக்க வெச்சுப் பழக்கோணும். எது மேல இருக்கோணும், எது கைக்கு எட்டற மாதிரி இருக்கோணும்னு இருட்டுல கை தானாப் போகோணும். அதுக்கு வருசம் பூராச் செலவு பண்ணோணுமுங்க. அதை நிறுத்திப்போட்டா இந்தப் பை வெறும் சுமைதானுங்க.”

நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவர் எச்சரித்த அதே காரியத்தைச் செய்ய பிரிட்டன் ஒருமுறை முனைந்தது. 2009 அக்டோபரில், சுமார் 2 கோடி பவுண்ட் மிச்சம் பிடிப்பதற்காக, அந்நாட்டு டெரிட்டோரியல் ஆர்மியின் வழக்கமான பயிற்சிகளை ஆறு மாதம் நிறுத்தி வைக்கப் போவதாகப் பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது. டெரிட்டோரியல் ஆர்மி என்றால் என்ன என்பதைக் கோவைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை; மெட்ராஸ் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த 110-ஆவது டெரிட்டோரியல் பட்டாலியன் நம் ஊரில்தான் இருக்கிறது. வேறு வேலை பார்த்துக்கொண்டே படையிலும் சேவை செய்பவர்கள் அவர்கள். பிரிட்டனில் அவர்கள் வாரத்தில் ஒரு மாலை, மாதத்தில் சில வார இறுதிகள், ஆண்டுக்கொரு முகாம் என்று பயிற்சி எடுப்பார்கள். அந்த நாட்களுக்குத்தான் சம்பளம். பயிற்சியை நிறுத்தினால் சம்பளமும் நிற்கும். அதே நேரத்தில் அதே படையின் வீரர்கள் ஆப்கானிஸ்தானில் போரிட்டுக்கொண்டிருந்தார்கள். நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு வலுத்ததும் பிரதமர் கார்டன் பிரவுன் முடிவைத் திரும்பப் பெற்று, அந்த 2 கோடியையும் திருப்பிக் கொடுத்தார். ஆனால் சேமிக்க வேண்டும் என்றதும் கை முதலில் எங்கே போனது என்பதை அந்த மாதம் காட்டிவிட்டது.

எங்கள் தொழிலிலும் இதைப் பார்க்கிறேன். ஆர்டர் குறைந்தால் பல முதலாளிகள் முதலில் நிறுத்துவது, புதிதாக வரும் பெண்களுக்கு மெஷின் பழக்கும் லைனைத்தான். அந்த லைனிலிருந்து விற்பனைக்குப் பீஸ் வருவதில்லை, எனவே அந்த மாதக் கணக்கில் மிச்சம் தெளிவாகத் தெரியும். ஆறேழு மாதம் கழித்துப் பெரிய ஆர்டர் வரும்போது கைதேர்ந்தவர்கள் போதாமல், செக்கிங் மேசையில் குவிகிற மறுவேலை மூட்டைகளை யாரும் அந்தப் பழைய மிச்சத்தோடு சேர்த்துக் கணக்குப் பார்ப்பதில்லை. எங்களுக்கு நட்டம் துணியோடு போகும். படைக்கு அப்படியல்ல.

முழுநேரப் படையிலும் இதுபோல் நடந்திருக்கிறது. கனடாவின் ஆல்பர்ட்டாவில் சஃபீல்ட் என்ற இடத்தில் 1972 முதல் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு ஒரு பயிற்சித் திடல் உண்டு. பரப்பு சுமார் 2,700 சதுர கிலோமீட்டர். திருப்பூர் மாவட்டத்தில் பாதிக்குச் சற்றுக் கூடுதல். டாங்கி, பீரங்கி, காலாட்படை மூன்றும் சேர்ந்து உண்மையான குண்டுகளைச் சுட்டபடி நாட்கணக்கில் முன்னேறிப் பழகுவதற்கு பிரிட்டனுக்குள் அவ்வளவு இடம் கிடையாது. அண்மை ஆண்டுகளில் அங்கே டாங்கிகளோடு நடக்கும் பெரிய பயிற்சிகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. ஒரு பட்டாலியன் தளபதி தன் முழுப் படையையும் திறந்த நிலத்தில் நகர்த்திப் பார்க்காமலேயே பதவிக்காலத்தை முடிக்கலாம் என்ற நிலை வந்தால், அந்த அனுபவத்தைக் கணினித் திரையில் முழுமையாக ஈடுகட்ட முடியாது. திரையில் சேறு கிடையாது, டீசல் தீராது, ரேடியோ செத்துப்போகாது.

வண்டிகளைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. கோவையில் பம்பும் மோட்டாரும் செய்பவர்களுக்கு அதிர்வு என்றால் என்ன என்று நன்றாகத் தெரியும். அவர்கள் அஜாக்ஸ் என்ற கவச வண்டியின் வரலாற்றைப் படிக்க வேண்டும். 1970-களின் தொடக்கத்தில் வந்த வேவு வண்டிகளுக்கு மாற்றாக, பல முறை திட்டம் மாற்றி, கைவிட்டு, மறுபடி தொடங்கி, ஒருவழியாக 2014-இல் 589 வண்டிகளுக்குச் சுமார் 550 கோடி பவுண்ட் ஒப்பந்தம் போட்டார்கள். 2017-இல் சேவைக்கு வர வேண்டியது, பிறகு 2020 என்றார்கள், அதுவும் தவறியது. சத்தமும் அதிர்வும் ஓட்டுபவர்களின் செவியையும் மூட்டையும் பாதித்ததால் சோதனை ஓட்டத்தை 2020-இலும் 2021-இலும் நிறுத்தினார்கள். பாதிப்புக்கு ஆளாகியிருக்கக்கூடிய 310 பேரை அடையாளம் கண்டார்கள். 2021 முடிவில் 320 கோடி பவுண்டை ஒட்டிய தொகை கொடுக்கப்பட்டிருக்க, கைக்கு வந்த வண்டிகள் 26. கடைசியில் 2025 நவம்பரில் சேவைக்குத் தயார் என்று அறிவித்த சில நாட்களிலேயே, பயிற்சியின்போது 30 பேர் அளவில் உடல்நலம் குன்றி, மறுபடி நிறுத்தம். இதைச் செலவுக் குறைப்பின் நேர் விளைவு என்று சொன்னால் அது நியாயமாகாது. வடிவமைப்பிலும் நிர்வாகத்திலும் தவறு நடந்திருக்கிறது. ஆனால் பல ஆண்டுகள் புது வேவு வண்டி வாங்குவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தால், வாங்கத் தெரிந்தவர்களும் செய்யத் தெரிந்தவர்களும் அந்த இடைவெளியில் கலைந்து போகிறார்கள். வாரியர் என்ற காலாட்படை வண்டியை மேம்படுத்தும் திட்டத்தைச் சுமார் 43 கோடி பவுண்ட் செலவழித்த பிறகு 2021-இல் ரத்துசெய்தது அதைவிட மோசம். அந்தப் பணத்துக்குப் படைக்கு ஒரு வண்டியும் வரவில்லை.

தள்ளிப்போட்டதற்கு உயிர் விலையும் உண்டு. வட அயர்லாந்தின் தெருக்களுக்காகச் செய்த ஸ்நாட்ச் லேண்ட் ரோவர் வண்டிகளை, சாலையோரக் குண்டு வெடிக்கும் ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் ஓட்ட வைத்தார்கள். அவற்றில் 37 வீரர்கள் இறந்தார்கள். மாற்று வண்டி தேவை என்று தெரிந்தும் அமைச்சகம் மெதுவாகவே நகர்ந்தது என்று ஈராக் போரை ஆராய்ந்து 2016-இல் வெளிவந்த சில்காட் விசாரணை அறிக்கை குற்றம்சாட்டியது. நெருக்கடி முற்றிய பிறகு மாஸ்டிஃப் போன்ற கனத்த வண்டிகளை அவசரக் கொள்முதலில் வாங்கினார்கள். அவை உயிர்களைக் காத்தன. ஆனால் அவசரமாக வாங்கிய வண்டிக்குப் பயிற்சித் திடலில் போதிய எண்ணிக்கை இல்லாததால், வீரன் போர்முனையில்தான் அதை முதன்முதலாகச் சரியாகத் தொட்டுப் பார்க்கும் நிலை பலமுறை ஏற்பட்டது. ஹவில்தார் ஐயா சொன்னது இங்கேயும் அப்படியே பொருந்துகிறது.

இப்போது போக்கு மாறுவதாகச் சொல்கிறார்கள். 1980-களின் நடுவில் பிரிட்டனின் மொத்த உற்பத்தியில் 5 சதவீதத்தை ஒட்டி இருந்த பாதுகாப்புச் செலவு 2.3 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. அதை 2027-க்குள் 2.5 ஆக உயர்த்துவதாகப் பிரதமர் கீர் ஸ்டார்மர் 2025 பிப்ரவரியில் அறிவித்தார். பணம் ஒதுக்கிய மறுநாளே திறமை வந்துவிடாது. தேர்ந்த சார்ஜென்ட் ஒருவர் உருவாகப் பத்து ஆண்டுகள் ஆகும்.

நமக்கு இதில் என்ன என்று கேட்பவர்களுக்கு: தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் 2019-இல் தொடங்கப்பட்டபோது அதன் ஐந்து முனைகளில் கோவையும் சேலமும் இடம்பெற்றன. நம் பட்டறைகள் துல்லியப் பாகங்கள் செய்யும் அளவுக்கு வளர்ந்துவிட்டன. படைக்கு உடையும் பையும் தைக்கும் திறமை திருப்பூரிலும் ஈரோட்டிலும் கரூரிலும் இருக்கிறது. ஓர் ஆண்டு ஆர்டர் கொடுத்து மூன்று ஆண்டுகள் நிறுத்தினால், பாதுகாப்புக்கென்று மெஷின் போட்ட சிறு பட்டறை கடனில் மூழ்கி, பழையபடி கிரைண்டர் உதிரி செய்யப் போய்விடும். நான்காம் ஆண்டு அழைத்தால் அந்தக் கை அங்கே இருக்காது. எண்ணிக்கை சிறிதாயினும் ஆண்டுதோறும் தவறாமல் வரும் ஆர்டரையே நாம் கேட்டுப் பெற வேண்டும். அதைப் போலவே நம் படைக்குப் பொருள் வழங்குவோர், விலைப்புள்ளியில் உதிரியையும் பயிற்சிக்கான கூடுதல் எண்ணிக்கையையும் தனி வரியாகக் காட்ட வேண்டும் என்பது என் எண்ணம். தனி வரியில் இருந்தால்தான், அதை வெட்டுகிறவர் வெட்டுகிறோம் என்று தெரிந்தே வெட்டுவார்.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். மேல்சட்டை வாங்குங்கள், மலைப் பயணத்துக்கும் பைக்குக்கும் இந்த விலையில் இதற்கு நிகரான தையலை நான் பார்த்ததில்லை. உட்புறச் சீட்டில் 180/96 என்பதுபோல் இரண்டு எண்கள் இருக்கும். முன்னது உயரம், பின்னது மார்பளவு, இரண்டும் சென்டிமீட்டரில். சட்டை தளர்வாகவே வெட்டப்பட்டிருப்பதால் உங்கள் சரியான அளவையே கேளுங்கள், ஒன்று கூட்டிக் கேட்க வேண்டாம். பையை எல்லோருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு மூன்று நாள் காட்டில் தங்குபவர்களுக்கும், பொருள் ஏற்றி இறக்கும் வேலை உள்ளவர்களுக்கும் ஆயுளுக்கும் உழைக்கும். ஒரே நாளில் ஏறி இறங்குபவர்களுக்கு இது வேண்டாத கனம். இதில் நீள முதுகு, குட்டை முதுகு என்று இரண்டு வகை உண்டு. நம்மில் நடுத்தர உயரக்காரர்கள் குட்டை முதுகு வகையைத்தான் கேட்க வேண்டும். நீள வகையில் சட்டத்தின் கீழ்முனை இடுப்புக்கும் கீழே இறங்கி, படி ஏறும்போதெல்லாம் இடிக்கும். பழைய பைகளில் உட்புறப் பூச்சு வெயிலுக்கும் ஈரத்துக்கும் பிசுபிசுத்து உரிவதுண்டு. பணம் கொடுக்கும் முன் உள்ளே கையை விட்டு, அடிப்பகுதியில் விரலால் அழுத்தித் தேய்த்து, ஒட்டுகிறதா என்று பாருங்கள்; ஒட்டினால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் அந்தப் பையை எடுக்க வேண்டாம்.